எஃபெக்ட் பிளகினுக்கு நிஜத் தோற்றமா, எளிய தோற்றமா? முடிவெடுப்பது முதல் வெளியிடுவது வரை முழு வழிகாட்டி

ஒலி எஃபெக்ட் பிளகின் (ஒலிப்பதிவு மென்பொருளுக்குள் இயங்கி ஒலியை மாற்றும் துணை நிரல்) எழுதத் தொடங்கியவர்கள் முகப்பு வடிவமைக்க உட்கார்ந்ததும் பெரும்பாலும் முதலில் திறப்பது படம் வரையும் மென்பொருளைத்தான். தேய்த்த அலுமினியத் தகடு, மூலைக்கு ஒரு திருகு, கறுப்புக் குமிழ்கள், மஞ்சள் வெளிச்சத்தில் முள் ஆடும் மீட்டர் என்று கண்ணைப் பறிக்கும் பேனல் தயாராகிவிடும். ஏழாவது குமிழுக்கு இடமே இல்லை என்பது அதன் பிறகுதான் தெரியவரும். இன்னொரு சாரார் எல்லாவற்றையும் ஒரே அளவு வெள்ளை வட்டங்களாக வரைந்துவிட்டு எளிமை என்பார்கள். எந்த வட்டம் எதற்கு என்று பயன்படுத்துகிறவர் தேடிக்கொண்டிருப்பார்.

இரண்டு தரப்பும் இடறுவது ஒரே இடத்தில்: தோற்றம் பற்றிய முடிவை மிகச் சீக்கிரம் எடுத்துவிடுகிறார்கள். நிஜக் கருவி போல வரைவதா, எளிய கோடுகளாக வரைவதா என்பது இந்த வேலையில் நான்காவது படி. முதல் மூன்று படிகளை ஒழுங்காக முடித்தவருக்கு அந்தக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் தானாகவே கிடைத்துவிடும். கம்ப்ரெஸர் (உரத்த ஒலியை அடக்குவது), ஈக்வலைசர் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது), டிலே (எதிரொலி), ரிவெர்ப் (அறை முழக்கம்) எதுவானாலும் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஒலியைக் கையாளும் நிரல் முதலில் வேலை செய்ய வேண்டும். முகப்பே இல்லாத பிளகினுக்கும் பெரும்பாலான ஹோஸ்ட் மென்பொருள்கள் (பிளகினை ஏற்றி இயக்கும் ஒலிப்பதிவு மென்பொருள்கள்) வெறும் ஸ்லைடர் பட்டியலாக ஒரு பொது முகப்பைக் காட்டும். அதில் வைத்துப் பாடல்களில் பயன்படுத்திப் பாருங்கள். எந்த ஸ்லைடரைத் திரும்பத் திரும்பத் தொடுகிறீர்கள், எதை ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடுகிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல முடிவுகளுக்கு இந்தக் குறிப்புதான் ஆதாரம்.

பழைய கருவி ஒன்றைப் பின்பற்றி எழுதுகிறீர்கள் என்றால் அதன் பயனர் கையேடு வேண்டும். புகைப்படம் மட்டும் போதாது. குமிழ் எந்தப் பக்கம் திருப்பினால் எது கூடும், மீட்டர் எதைக் காட்டுகிறது, எந்த மதிப்பு மாற்ற முடியாதபடி உள்ளேயே நிலையாக இருக்கிறது என்பவை புகைப்படத்தில் தெரியாது.

பெரிய திரையோடு ஒரு சிறிய மடிக்கணினித் திரையும் வேண்டும். பிளகினைப் பார்த்தே இராத, ஆனால் ஒலிக்கலவை செய்யத் தெரிந்த இரண்டு மூன்று பேரையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு இடையில் எதையும் காட்டாதீர்கள். முதல் பார்வை ஒருமுறைதான் கிடைக்கும்.

1. பேராமீட்டர் பட்டியலை எழுதுங்கள்

ஒவ்வொரு பேராமீட்டருக்கும், அதாவது பயனர் மாற்றக்கூடிய ஒவ்வொரு மதிப்புக்கும், ஒரு வரி. பெயர், அலகு, குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு, தொடக்க மதிப்பு. இவற்றோடு இன்னும் இரண்டு விவரங்களைச் சேருங்கள்: அது எவ்வளவு அடிக்கடி தொடப்படும், தொடும்போது பயனர் எண்ணைப் பார்ப்பாரா, காதால் கேட்டு வைப்பாரா.

கடைசி விவரம் அற்பமாகத் தோன்றலாம், ஆனால் தோற்றத்தைத் தீர்மானிப்பதில் அதற்குத்தான் அதிகப் பங்கு. சாச்சுரேஷன் (ஒலியில் சேர்க்கும் லேசான சிதைவு) அளவை யாரும் எண் பார்த்து வைப்பதில்லை. ஒலி சரியாக வந்ததும் கை நின்றுவிடும். டிலே நேரம் அப்படியில்லை. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி, புள்ளியிட்ட அரைத் தட்டு (அரைத் தட்டும் அதில் பாதியும்) 375 மில்லி விநாடி. அங்கே 380 என்று இருந்தால் எதிரொலி தாளத்தை விட்டு நழுவும். காதால் வைக்கும் பேராமீட்டருக்கு எண் சிறிதாக இருக்கலாம், மறைந்தும் இருக்கலாம். எண் பார்த்து வைக்கும் பேராமீட்டருக்கு எண்தான் பிரதானம், குமிழ் அதற்குத் துணை.

பட்டியல் 20 வரியைத் தாண்டினால் வரையப் போகாதீர்கள். எவற்றை இணைக்கலாம், எவற்றை நிலையாக வைக்கலாம் என்று யோசியுங்கள். முகப்பில் நெருக்கடி என்று பலர் கொண்டுவரும் சிக்கல், உண்மையில் பேராமீட்டர்களைத் தேர்ந்தெடுக்காமல் விட்ட சிக்கல்.

2. மதிப்பு எப்படிப் பரவுகிறது என்பதைத் தீர்மானியுங்கள்

இந்தப் படியைத் தவறவிடுகிறவர்கள்தான் அதிகம். 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓடும் ஃபில்டர் குமிழ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குமிழின் மொத்தச் சுழற்சி 270 பாகை. மதிப்புகளை நேர்கோட்டில் பரப்பினால் 20 முதல் 1,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முழுவதும் சுமார் 13 பாகைக்குள் அடங்கிவிடும். குரலின் அடிச்சுருதிகள், பேஸ், கிக் டிரம்மின் உடல் எல்லாம் இருப்பது அந்த 13 பாகையில். மிச்சமுள்ள 257 பாகையில் பாதிக்கு மேல் 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய பகுதிக்குப் போய்விடும்.

அதையே மடக்கை அளவில் (ஒவ்வொரு பத்து மடங்குக்கும் சம இடம் தந்து) பரப்பினால் 20 முதல் 1,000 வரைக்குச் சுமார் 153 பாகை கிடைக்கிறது. குமிழின் நடுப்புள்ளி 632 ஹெர்ட்ஸ் அருகே வரும். காது சுருதியை விகிதமாகவே கேட்பதால் இந்தப் பரவல்தான் கைக்கு இயல்பாக இருக்கும். அட்டாக் (கம்ப்ரெஸர் அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்), ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) போன்ற நேர அளவுகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். 1 மில்லி விநாடிக்கும் 5க்கும் உள்ள வேறுபாடு காதுக்குத் தெரியும். 801க்கும் 805க்கும் உள்ள வேறுபாடு தெரியாது. டெசிபெல் ஏற்கெனவே மடக்கை அளவு என்பதால் அதை நேராகவே பரப்பலாம்.

தோற்றத்துக்கு முன்னால் இதை ஏன் முடிக்க வேண்டும்? இரண்டு காரணங்கள். பேனலில் அச்சிட்டது போலக் குமிழைச் சுற்றி எண்களை வரையப் போகிறீர்கள் என்றால், பரவல் மாறும்போது அந்தப் படம் முழுவதையும் திரும்ப வரைய வேண்டும். இரண்டாவது காரணம் இன்னும் கடுமையானது. ஹோஸ்ட் மென்பொருள்கள் ஆட்டோமேஷனை (பாடல் ஓடும்போது குமிழ் தானாக நகரும்படி பதிந்து வைப்பதை) பொதுவாக 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணாகச் சேமிக்கின்றன. விஎஸ்டி3 என்ற பிளகின் வகையில் அதுதான் விதி. வெளியிட்ட பிறகு பரவலை மாற்றினால், பயனர் வரைந்து வைத்த 0.5 என்ற புள்ளி வேறொரு அதிர்வெண்ணாக மாறிவிடும். முடித்த பாடல்கள் சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

3. சாம்பல் நிறத்தில் வேலை செய்யும் வரைவு ஒன்றைக் கட்டுங்கள்

நிறம் வேண்டாம், நிழல் வேண்டாம், எழுத்துரு தேடவும் வேண்டாம். நீங்கள் பயன்படுத்தும் நூலகத்தின் இயல்பான குமிழ்களையும் ஸ்லைடர்களையும் சாம்பல் பின்னணியில் அடுக்குங்கள். ஜூஸ், ஐபிளக்2 போன்ற நூலகங்களில் இது ஓர் அரைநாள் வேலை. படமாக வரைந்து பார்த்தால் போதாது, ஒலியோடு இணைந்து ஓட வேண்டும். அசையாத படத்தில் எல்லா அடுக்கும் அழகாகத்தான் தெரியும்.

ஒலி போகும் பாதையையே அடுக்கின் வரிசையாக வையுங்கள். உள்ளீடு இடதில், வெளியீடும் மிக்ஸும் (மூல ஒலியும் மாற்றிய ஒலியும் கலக்கும் விகிதம்) வலக்கோடியில். நடுவில் இருப்பவற்றை, சேர்ந்து தொடப்படுபவை சேர்ந்து இருக்கும்படி வையுங்கள். கம்ப்ரெஸரில் த்ரெஷோல்டுக்கும் (அடக்கத் தொடங்கும் அளவு) ரேஷியோவுக்கும் (எவ்வளவு அடக்குவது என்ற விகிதம்) இடையே வேறு எதுவும் வரக்கூடாது. ஒன்றைத் தொட்டவர் உடனே மற்றதைத் தொடுவார்.

அடிக்கடி தொடுபவை பெரிதாகவும், ஒருமுறை வைத்து விடுபவை சிறிதாகவும் இருக்கட்டும். பன்னிரண்டு குமிழும் ஒரே அளவில் இருந்தால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்காது. முதல் படியில் எழுதிய குறிப்பு இங்கே கைகொடுக்கும்.

வரைவைச் சிறிய திரையில், ஹோஸ்ட் மென்பொருளின் மிக்ஸர் திறந்திருக்கும் நிலையிலேயே பாருங்கள். பிளகின் சன்னல் தனியாக வாழ்வதில்லை. இன்னும் நான்கு சன்னல்களோடு அது இடத்துக்குப் போட்டி போடும்.

இந்தச் சாம்பல் வரைவிலேயே ஒரு முழுப் பாடலைக் கலந்து பாருங்கள். இங்கே எரிச்சலூட்டும் விஷயம் அழகான படத்திலும் எரிச்சலூட்டும்; ஆனால் அப்போது மாற்ற மனம் வராது, அவ்வளவு உழைப்பு அதில் போயிருக்கும். சாம்பல் பெட்டியைத் தூக்கிப்போட யாருக்கும் வலிக்காது.

4. இப்போது முடிவெடுங்கள்: நிஜத் தோற்றமா, எளிய தோற்றமா

இந்தக் கேள்வியை ரசனையின் கேள்வியாக வைத்துக்கொண்டால் விவாதம் முடியவே முடியாது. வேறு விதமாகக் கேளுங்கள்: அந்தப் படம் பயனருக்கு எந்தத் தகவலைச் சொல்கிறது? தகடும் திருகும் ஒலியைப் பற்றி ஏதாவது சொன்னால் அவற்றுக்கு இடம் உண்டு. சொல்லவில்லையென்றால் அவை வேறொரு தகவலின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

டெலட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ கம்ப்ரெஸரை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பில் முக்கியமான குமிழ்கள் இரண்டே: கெயின் (ஒலி அளவு), பீக் ரிடக்ஷன் (எவ்வளவு அடக்குவது). அட்டாக், ரிலீஸ் குமிழ்களே கிடையாது. உள்ளே இருக்கும் ஒளிவழி அங்கம் தன் போக்கில் எதிர்வினை செய்யும். ரிலீஸ் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கும், வரும் ஒலியைப் பொறுத்து மாறும். இப்படி ஒரு கம்ப்ரெஸரின் பிளகினுக்கு இரண்டு பெரிய குமிழும் ஒரு முள்மீட்டரும் கொண்ட நிஜத் தோற்றம் பொருத்தமானது. இதைக் காதால் வை, துல்லியமான எண்ணைத் தேடாதே என்று அந்தப் பேனல் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. அந்தக் கருவியைத் தெரிந்தவரின் கையும் நேராகச் சரியான இடத்துக்குப் போகும்.

1176 என்ற பழைய கம்ப்ரெஸரில் கதை இன்னும் நுட்பமானது. அதில் த்ரெஷோல்டு குமிழ் இல்லை. உள்ளீட்டைக் கூட்டினால்தான் அழுத்தம் கூடும். அட்டாக் 20 முதல் 800 மைக்ரோ விநாடி வரை; ஆனால் குமிழில் 1 முதல் 7 வரைதான் எண்கள், அதில் 7 என்பது மிக வேகம். வலப்பக்கம் திருப்பினால் நேரம் குறைகிறது. பழகியவருக்கு இது கையில் ஊறிய விஷயம். புதியவருக்குத் தலைகீழ். நிஜத் தோற்றத்தில் நீங்கள் இந்தத் திசையை அப்படியே வைத்தாக வேண்டும், படம் பழைய கருவியாகவும் நடத்தை வேறாகவும் இருந்தால் இரண்டு தரப்பும் குழம்பும். எளிய தோற்றத்தில் 20 மைக்ரோ விநாடி என்று எண்ணையே காட்டி, வலப்பக்கம் போனால் நேரம் கூடும்படி மாற்றலாம். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலக்காதீர்கள்.

எளிமைப்படுத்துவதால் ஒலியே தொலைந்துபோகும் இடமும் உண்டு. பல்டெக் ஈக்யூபி-1ஏ ஈக்வலைசரில் தாழ் அதிர்வெண்ணுக்குக் கூட்டும் குமிழும் குறைக்கும் குமிழும் தனித்தனி. ஒரே அதிர்வெண்ணில் இரண்டையும் சேர்த்தே திருப்பலாம். அவற்றின் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்று கச்சிதமாகப் பொருந்தாததால், அடியில் ஓர் ஏற்றமும் அதற்கு மேலே ஒரு பள்ளமுமாக வடிவம் கிடைக்கும். அந்த ஈக்வலைசரைத் தேடி வருகிறவர்கள் பலர் அதற்காகவே வருகிறார்கள். 'கூட்டல், கழித்தல் எதற்கு இரண்டு குமிழ்' என்று நினைத்து நடுவில் பூஜ்யம் உள்ள ஒரே குமிழாக மாற்றினால் முகப்பு சுத்தமாகும். கருவியின் உயிர் போய்விடும்.

எட்டுப் பட்டை ஈக்வலைசருக்கு நிலைமை நேரெதிர். ஒவ்வொரு பட்டைக்கும் அதிர்வெண், அளவு, அகலம் என்று 24 குமிழ்களை நிஜத் தோற்றத்தில் வரைந்தால் மொத்த வடிவம் என்னவென்று யாருக்கும் தெரியாது. ஒரு வரைபடமும் அதில் இழுக்கக்கூடிய புள்ளிகளும் போதும். புள்ளியை இழுக்கும்போது அதிர்வெண்ணும் அளவும் ஒரே அசைவில் மாறுகின்றன. எந்தத் தகட்டிலும் இப்படிச் செய்ய முடியாது. ஃபேப்ஃபில்டர் ப்ரோ-கியூ போன்றவை இந்த வழியில் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆக, நிஜத் தோற்றத்துக்குச் சாதகமானவை: குறைவான குமிழ்கள், காதால் வைக்கும் மதிப்புகள், பயனரின் கைக்குப் பழக்கமான ஒரு கருவி, அந்தக் கருவியின் விசித்திரமான நடத்தை பிளகினிலும் உண்மையாகவே இருப்பது. கடைசி நிபந்தனையை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன். புதிதாக நீங்களே எழுதிய அல்காரிதத்துக்குப் பழைய வெற்றிடக் குழல் கருவியின் தகட்டைப் போர்த்துவது பயனரிடம் சொல்லும் பொய். அவர் அந்தத் தகட்டைப் பார்த்து ஒரு நடத்தையை எதிர்பார்ப்பார், அது வராது.

எளிய தோற்றத்துக்குச் சாதகமானவை: நிறையப் பேராமீட்டர்கள், எண் பார்த்து வைக்கும் மதிப்புகள், ஒலியின் வடிவத்தை வரைபடமாகக் காட்ட முடிவது, சன்னலின் அளவு மாற வேண்டிய தேவை.

முழுச் சன்னலுக்கும் ஒரே பதில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பழைய கருவியின் குமிழ் வரிசையையும் திருப்பும் திசையையும் அப்படியே வைத்துக்கொண்டு, வரைவதை மட்டும் தட்டையான வடிவங்களில் செய்வது நல்ல நடுவழி. கைப்பழக்கம் ஒட்டியிருப்பது இட அமைப்பில்தான், உலோகப் பளபளப்பில் இல்லை.

5. நிஜத் தோற்றம் என்றால்

வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்து எழுதி வையுங்கள். பொதுவாக மேலே இடப்பக்கம். குமிழ், சுவிட்ச், திருகு, மீட்டரின் கண்ணாடி எல்லாம் அதே வெளிச்சத்தில் வரைய வேண்டும். நான்கு இடங்களிலிருந்து எடுத்த நான்கு படங்களை ஒட்டினால், என்ன தவறு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் பார்க்கிறவருக்கு உறுத்தும்.

குமிழை ஒரே படமாக வைத்து நிரலில் சுழற்றுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை. குமிழோடு சேர்ந்து அதன் பளபளப்பும் நிழலும் சுழலும். நிஜத்தில் குறிக்கோடுதான் சுழல்கிறது, வெளிச்சம் நின்ற இடத்தில் நிற்கிறது. இதற்காகத்தான் ஃபிலிம்ஸ்டிரிப் முறை: குமிழின் ஒவ்வொரு கோணத்தையும் தனி ஃப்ரேமாக ரெண்டர் செய்து ஒரே நீளப்படமாக அடுக்குவது. நாப்மேன் என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. முப்பரிமாண மென்பொருளிலும் செய்யலாம். எளிதான மாற்று, நிழலும் பளபளப்பும் உள்ள அடிப்படத்தை அசையாமல் வைத்து, குறிக்கோட்டை மட்டும் மேலே சுழற்றுவது.

ஃப்ரேம்களின் எண்ணிக்கையைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். 64க்கு 64 பிக்சல் குமிழ், 128 ஃப்ரேம், பிக்சலுக்கு 4 பைட் என்றால் நினைவகத்தில் 2 எம்பி. இரட்டை அடர்த்தித் திரைக்கு 128க்கு 128 ஆக்கினால் 8 எம்பி. இப்படி ஐந்து வகைக் குமிழ்கள் இருந்து, ஒருவர் பிளகினை முப்பது டிராக்கில் போட்டால் என்னவாகும் என்று யோசியுங்கள். ஒரே படத்தை எல்லாப் பிரதிகளும் பகிரும்படி நிரல் எழுதுவது கட்டாயம்.

பேனலில் உள்ள எழுத்துகளைப் படத்தோடு சேர்த்து உறைய வைக்காதீர்கள். தனி அடுக்காக, நிரல் வரையும் எழுத்தாகவே வையுங்கள். சன்னலைப் பெரிதாக்கும்போது தெளிவாக இருக்கும். பெயர் மாற்றவும் மொழி மாற்றவும் படத்தைத் தொட வேண்டியிருக்காது.

முள்மீட்டர் வைத்தால் அதன் நடத்தையும் நிஜமாக இருக்க வேண்டும். வியூ (VU) மீட்டரின் முள், நிலையான ஒலி வந்தால் தன் இலக்கில் 99 சதவீதத்தை எட்ட 300 மில்லி விநாடி எடுத்துக்கொள்ளும்படி வரையறுக்கப்பட்டது. அதனால் அது சராசரிச் சத்தத்தை நன்றாகக் காட்டும். டிரம்மின் கூர்மையான அடியைக் காட்டாது. கிளிப் ஆவதை (ஒலி எல்லை மீறி வெட்டுப்படுவதை) பிடிக்க அதன் பக்கத்திலேயே உச்சத்தைக் காட்டும் சிறு விளக்கு ஒன்று வையுங்கள். பூஜ்யம் எந்த டிஜிட்டல் அளவுக்குச் சமம் என்பதையும் சொல்லிவிடுங்கள். மைனஸ் 18 டிபிஎஃப்எஸ் (டிஜிட்டலின் உச்ச அளவுக்கு 18 டெசிபெல் கீழே) பரவலாகப் புழங்கும் தேர்வு.

பிற நிறுவனங்களின் பெயர், இலச்சினை இரண்டையும் அனுமதியின்றிப் பேனலில் போடக்கூடாது. ஒரு கருவியை அடையாளம் காட்டும் தனித்துவமான முகப்பைப் புள்ளி பிசகாமல் நகலெடுப்பதும் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடியது. வரிசையையும் நடத்தையையும் எடுத்துக்கொண்டு, முகத்தை உங்களுடையதாக வரையுங்கள்.

6. எளிய தோற்றம் என்றால்

நிஜத் தோற்றத்திலிருந்து நிழலை அழித்துவிட்டால் எளிய தோற்றம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நிழல் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது: 'இதைப் பிடித்துத் திருப்பலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதை எடுத்தால் அந்த வேலையை வேறொன்றிடம் ஒப்படைக்க வேண்டும். மதிப்பைக் காட்டும் வில்கோடு, மவுஸ் மேலே வந்ததும் மாறும் நிறம், கை வடிவத்துக்கு மாறும் மவுஸ் குறி ஆகியவை அதற்குத்தான்.

வில்கோட்டை எங்கிருந்து தொடங்குவது என்பதைக் கவனியுங்கள். மிக்ஸ் போன்று பூஜ்யத்திலிருந்து கூடும் மதிப்புக்கு இடக்கோடியிலிருந்து. பேன் (ஒலியை இடம் வலமாக நகர்த்துவது), கெயின் போன்று இரு பக்கமும் போகும் மதிப்புக்கு நடு உச்சியிலிருந்து. எல்லாவற்றுக்கும் இடக்கோடியிலிருந்தே வரைந்தால், எதையும் மாற்றாத கெயின் குமிழ் பாதி நிரம்பியதாகத் தெரியும்.

வெளிர்சாம்பல் பின்னணியில் இன்னும் கொஞ்சம் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத் தெரியலாம். மங்கிய அறையில், களைத்த கண்ணோடு படிக்கிறவருக்கு அது தண்டனை. இணையத்துக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, கட்டுப்பாட்டு வடிவங்களுக்கு 3க்கு 1 என்ற ஒளிர்வு விகிதத்தைக் கேட்கின்றன. பிளகினுக்கும் அதையே பின்பற்றுங்கள். சிவப்பு, பச்சை வேறுபாட்டை மட்டும் நம்பி எந்தத் தகவலையும் சொல்லாதீர்கள். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அணைந்த பட்டன் மங்கலாகவும் இருக்கட்டும், வடிவத்திலும் மாறட்டும்.

வரைபடம் காட்டினால் அது உண்மையைக் காட்ட வேண்டும். ஈக்வலைசரில் இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். வழக்கமான டிஜிட்டல் ஃபில்டர்களின் வளைவு, மாதிரி வீதத்தின் (விநாடிக்கு ஒலியை எத்தனை முறை அளக்கிறோம் என்பதன்) பாதியை நெருங்கும்போது ஒடுங்கும். 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் 16,000 ஹெர்ட்ஸில் ஓர் ஏற்றம் வைத்தால், அதன் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் செங்குத்தாக விழும். திரையில் பாடப்புத்தக வளைவைச் சமச்சீராக வரைந்து வைத்தால் கண் ஒன்றைப் பார்க்கும், காது வேறொன்றைக் கேட்கும். ஒலிக்குப் பயன்படுத்தும் அதே ஃபில்டர் எண்களிலிருந்து வளைவைக் கணக்கிட்டு வரையுங்கள்.

7. கை அசைவைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படி இரண்டு தோற்றத்துக்கும் பொது. குமிழ் வட்டமாக இருக்கிறது என்பதற்காக மவுஸையும் வட்டமாகச் சுற்ற வைக்காதீர்கள். விரல்கள் குமிழை முறுக்கும், மவுஸால் முறுக்க முடியாது. மேலும் கீழும் இழுப்பதே பழகிய முறை. ஜூஸ் நூலகத்தின் இயல்பு அமைப்பில் 250 பிக்சல் இழுத்தால் முழு வீச்சும் முடியும். நல்ல தொடக்கம் அது.

நான்கு விஷயங்கள் இல்லாத குமிழை வெளியிடாதீர்கள்: ஒரு விசையை அழுத்திக்கொண்டு நுட்பமாக இழுக்கும் வசதி, இரட்டைச் சொடுக்கில் தொடக்க மதிப்புக்குத் திரும்புவது, எண்ணைத் தட்டச்சு செய்யும் இடம், இழுக்கும்போது அலகோடு மதிப்பு தெரிவது. நிஜத் தோற்றக்காரர்கள் கடைசி இரண்டையும் 'பழைய கருவியில் எண் இல்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். பழைய கருவியில் ஆட்டோமேஷனும்தான் இல்லை. குறிப்பெடுத்த மதிப்பைத் திரும்ப வைக்க எண் வேண்டும்.

இழுக்கத் தொடங்கியதையும் விட்டதையும் ஹோஸ்டுக்கு அறிவியுங்கள். இந்த இரண்டு அறிவிப்புகள் விடுபட்டால் ஆட்டோமேஷன் பதிவு சரியாக நடக்காது. சோதிக்காமல் கண்டுபிடிக்க முடியாத பிழை இது, படத்தில் எல்லாம் சரியாகத்தான் ஓடும்.

8. மீட்டரையும் வரைபடத்தையும் அசையுங்கள்

ஒலியைக் கையாளும் த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் பணிவரிசை) எக்காலத்திலும் படம் வரையக் கூடாது. வரையக் காத்திருந்தால் ஒலி வெட்டும். அது தன் அளவை ஓர் அட்டாமிக் மாறியில் (இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் தொட்டாலும் கெடாத மாறியில்) எழுதிவிட்டுப் போகட்டும். முகப்பின் டைமர் விநாடிக்கு 30 முறை அதைப் படித்து வரையட்டும்.

இங்கே ஒரு நுட்பம். டைமர் படிக்கும் அந்தக் கணத்தின் மதிப்பை மட்டும் காட்டினால், இரண்டு வாசிப்புக்கு இடையே வந்துபோன உச்சம் காணாமல் போகும். கடைசியாகப் படித்ததிலிருந்து வந்த மிகப்பெரிய மதிப்பை வைத்திருந்து கொடுங்கள்.

மீட்டர் அசையும்போது அந்தப் பகுதியை மட்டும் திரும்ப வரையுங்கள். முள் அசையும் ஒவ்வொரு முறையும் முழு அலுமினியத் தகட்டையும் வரைவதுதான் நிஜத் தோற்றப் பிளகின்கள் கணினியைத் திணறடிக்கும் வழக்கமான காரணம். சன்னலை மூடியதும் டைமரும் நிற்க வேண்டும்.

9. அளவு, திரை வாசிப்பான்

100, 125, 150, 200 சதவீதம் ஆகிய நான்கு திரை அளவுகளிலும் திறந்து பாருங்கள். 125இல்தான் பிட்மேப் படங்கள் கலங்கும், ஒற்றைப் பிக்சல் கோடுகள் மறையும்.

படத்தால் மட்டுமே வரைந்த குமிழ், பார்வையற்ற பயனரின் திரை வாசிப்பானுக்கு இருப்பதே தெரியாது. ஜூஸ் 6.1 பதிப்பு முதல் அதன் இயல்பான கூறுகள் திரை வாசிப்பானோடு பேசும். அவற்றின் மேல் உங்கள் படத்தை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் கொடுத்தால் வேலை முடிந்தது. ஒலிப்பதிவுத் துறையில் பார்வையற்ற கலைஞர்கள் இருக்கிறார்கள். இதைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

10. தெரியாதவர்களிடம் கொடுத்துப் பாருங்கள்

முன்பே பேசி வைத்தவர்களை இப்போது அழையுங்கள். விளக்கம் தராதீர்கள், ஒரு வேலையைக் கொடுங்கள்: 'இந்தக் குரலில் உரத்த சொற்களை மட்டும் 3 டெசிபெல் அடக்குங்கள்.' பிறகு வாயைத் திறக்காமல் பாருங்கள். எங்கே மவுஸ் தயங்கி நிற்கிறது, எதைத் தொட்டுவிட்டுத் திரும்ப விடுகிறார் என்பதைக் குறியுங்கள். 'நன்றாக இருக்கிறதா' என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் பதில் வரும்.

முடிந்தால் சாம்பல் வரைவையும் முடித்த முகப்பையும் ஒரே ஒலி நிரலோடு இணைத்து இரண்டையும் கொடுங்கள். தகட்டு முகப்பில் ஒலி 'கதகதப்பாக' இருக்கிறது என்று ஒருவர் சொல்லக்கூடும். கண் காதை அவ்வளவு தூரம் இழுக்கும். அந்தப் பாராட்டை உங்கள் அல்காரிதத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஒலியைப் பற்றிக் கருத்துக் கேட்க வேண்டுமென்றால் முகப்பை மறைத்து, வெளியீட்டுச் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் மேலானதாகத் தோன்றும்.

தயங்கிய இடங்களைத் திருத்தும்போது முதலில் இடத்தையும் அளவையும் மாற்றிப் பாருங்கள், அடுத்து பெயரை, கடைசியாக நிறத்தையும் படத்தையும். திருத்தம் முடிந்தபின் பேராமீட்டர்களின் உள்ளடையாளம், வீச்சு, பரவல் மூன்றையும் பூட்டிவிட்டு வெளியிடுங்கள். முகப்பை அடுத்த பதிப்பில் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். இந்த மூன்றில் ஒன்றை மாற்ற நேர்ந்தால் அதைப் புதிய பிளகினாகத் தனி அடையாளத்தோடு வெளியிட்டு, பழையதையும் நிறுவலில் சேர்த்தே கொடுங்கள்.